ஆண்டறிக்கை 2025: வரப்போற லிஸ்ட்டும் முடியாத செட்டும்

தலைவர் சாருக்கும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் நான் அறிக்கை வாசிக்கும்போது பின் வரிசைல ரெண்டு பேர் தூங்கினத பார்த்தேன், அதனால இந்த தடவ அந்த "மேற்படி கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்டது" பாஷையெல்லாம் விட்டுட்டு பேசற மாதிரியே எழுதிருக்கேன். நீளம் மட்டும் குறையல, பொறுத்துக்கோங்க.

உறுப்பினர் 23 பேர். சந்தா கட்டினவங்க 16. மாசம் ஒண்ணுன்னு 12 கூட்டம் நடக்கணும், 10 தான் நடந்துச்சு. ஒண்ணு மழைல போச்சு, இன்னொண்ணு டிசம்பர்ல, வந்ததே நானும் ட்ரெஷரரும் மட்டும்தான். ஐரோப்பிய சங்கீதம் கேக்கற சங்கம்னு பேரு, ஆனா சீசன் வந்துட்டா நம்மாளுங்க சபா கேன்டீன்லதான் இருப்பாங்கன்னு தெரிஞ்சும் தேதி வெச்சது என் தப்பு.

புதுசா சேர்ந்த தம்பி முதல் நாளே கேட்டாரு, சார் இங்க என்னதான் செய்வீங்கன்னு. இன்னும் வராத ரெக்கார்ட பத்தி சண்ட போடுவோம்னு சொன்னேன், உண்மை அதானே. லேபிள்காரங்க, அதாவது ரெக்கார்ட் போடற கம்பெனிக்காரங்க, ரெண்டு மாசம் முன்னாடியே கவர், ட்ராக் லிஸ்ட், எந்த சர்ச்சுல ரெக்கார்ட் பண்ணாங்க எல்லாம் சொல்லிடறாங்க, அத நம்ம பேங்க் மேனேஜர் (ரிட்டயர்டு) பிரின்ட் எடுத்து மஞ்ச ஹைலைட்டர் போட்டு கொண்டு வருவாரு, காபி ஆறற வரைக்கும் ஒருத்தர் வாசிப்பாரு, அப்புறம் ஆரம்பிச்சிடும். 2025ல இத்தாலிய இசையமைப்பாளர் பாலஸ்த்ரீனா பிறந்து 500 வருஷம்னு கணக்கு, அதனால பாதி லிஸ்ட் அவரோட மாஸ்தான் (சர்ச் பூசைல பாடற இசை), நூத்துக்கு மேல எழுதி வெச்சுட்டு போன மனுஷன், சரக்குக்கு பஞ்சமே இல்ல. அதே வருஷம் இன்னொரு இசையமைப்பாளர் அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கார்லாட்டி செத்து 300 வருஷம், அவர எத்தன பேர் கண்டுக்கிட்டாங்க? பையன் டொமெனிகோ 555 சொனாட்டா எழுதினதுல அப்பா பேரு அமுங்கிப்போச்சு. இதுக்கு நம்ம சங்கம் சார்பா கண்டனம் பதிவு பண்ணணும்னு ஒருத்தர் கேட்டாரு. பண்ணியாச்சு.

இந்த வருஷம் திரும்பத் திரும்ப வந்த விஷயம் ஹைடன். ஆர்க்கெஸ்ட்ரா நடத்தற ஜியோவானி அன்டோனினி 2014லேருந்து ஆல்ஃபா லேபிள்ல போட்டுட்டு வர்ற செட் உங்களுக்கே தெரியும், ஹைடனோட 107 சிம்ஃபொனியும் அவரோட 300வது பிறந்த வருஷமான 2032க்குள்ள முடிக்கணும்னு திட்டம், சிலதுல அன்டோனினியோட சொந்த குழு இல் ஜார்டினோ ஆர்மோனிகோ வாசிக்குது, சிலதுல பாசல் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா. வாசிப்பு பத்தி இங்க யாருக்கும் சந்தேகம் இல்ல, கயிறு மேல ஓடற மாதிரி இருக்கும், ஒரு சிலருக்கு அந்த வேகம் ஒத்துக்காது அது வேற. பிரச்சனை என்னன்னா, முடியற வரைக்கும் ஒண்ணொண்ணா வாங்கணுமா, இல்ல கடைசில பாக்ஸா வரும், பாதி வெலைல வாங்கிக்கலாமா. இந்த ரெண்டு கட்சியும் வருஷம் பூரா ஓயவே இல்ல.

ஒண்ணொண்ணா வாங்கறவங்க சொல்றது, நாம வாங்கலன்னா பாக்ஸ் வர்றதுக்கு செட்டே இருக்காது. அதுல நியாயம் இருக்கு. கிறிஸ்டோஃபர் ஹாக்வுட்னு இன்னொரு ஆர்க்கெஸ்ட்ராக்காரர் இதே ஹைடன ஆரம்பிச்சாரே, 90கள்ல நடுவழியில நின்னுபோச்சு, 2014ல அவரே போயிட்டாரு, அப்புறம் 2016ல டெக்கா கம்பெனி மீதி இடத்த ஃப்ரான்ஸ் ப்ருக்கனும் ஒட்டாவியோ டான்டோனேயும் நடத்தின ரெக்கார்ட போட்டு நிரப்பி 35 சிடி பாக்ஸா விட்டாங்க. ஒட்டு போட்ட சட்டை மாதிரி, ஆனா நல்ல சட்டை. டான் கூப்மன் நடத்தின பாக் கான்டாட்டா (குரலும் வாத்தியமும் சேர்ந்த உருப்படி) செட்டையும் பாதில லேபிள் கைவிட்டுச்சு, மனுஷன் சொந்தமா லேபிள் ஆரம்பிச்சு முடிச்சாரு. கார்டினர் 2000ல அதே கான்டாட்டாக்கள ஊர் ஊரா சர்ச் சர்ச்சா போய் வாசிச்சதுக்கும் அதே கதைதான், அவரும் சொந்த லேபிள்தான் போட வேண்டி வந்துச்சு. சுசுகி மட்டும் அதே கான்டாட்டாக்கள ஜப்பான் கோபேல உக்காந்து 1995ல ஆரம்பிச்சு 2013ல 55 வால்யூம்ல நிம்மதியா முடிச்சாரு, ஆபீஸுக்கு டைமுக்கு போற ஆள் மாதிரி.

பொறுமைக்கு பரிசுன்னா டாலிஸ் ஸ்காலர்ஸ்ங்கற பாட்டுக் குழுவுக்குதான். அத நடத்தற பீட்டர் ஃபிலிப்ஸ், பழைய இசையமைப்பாளர் ஜோஸ்கானோட மாஸ் போட்டது 1987ல கிராமஃபோன் பத்திரிகைல வருஷத்தோட சிறந்த ரெக்கார்ட் ஆச்சு, அந்த வரிசைல கடைசி டிஸ்க், ஒன்பதாவது, வந்தது 2020ல. முதல் டிஸ்க்க கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினேன், கடைசிய பேத்தி பிரிச்சு குடுத்தான்னு நம்ம தலைவர் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

இரங்கல். ஜூன் மாசம் நம்ம ரயில்வே சார் தவறிட்டாரு. ஹைடன் செட்ட ஒரு வால்யூம் விடாம வாங்கினவர், 2032ல எனக்கு 88, பாத்துடலாம்யான்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அவரோட பொண்ணு எல்லா டிஸ்க்கையும் சங்கத்துக்கு குடுத்தாங்க, ரெண்டு அட்டைப்பெட்டி. ஒவ்வொண்ணுக்குள்ளயும் வாங்கின தேதியும் தபால் செலவும் பென்சில்ல எழுதிருக்கு, சிலதுல தபால் செலவு டிஸ்க்க விட ஜாஸ்தி. கமிட்டில ஒருத்தர் சொன்னாரு, விவால்டி கையெழுத்துப்பிரதி ரெண்டு தொகுப்பு டூரின் லைப்ரரில இருக்கே, ஃபோவா, ஜியோர்டானோன்னு ரெண்டு பேர் செத்துப்போன தங்களோட சின்னப் பசங்க ஞாபகமா அத வாங்க பணம் குடுத்து அதுங்களுக்கு பேர் வெச்ச மாதிரி, நாமளும் அலமாரிக்கு சார் பேர வெக்கலாம்னு. அந்தப் பொண்ணுகிட்ட கேட்டோம். "அலமாரியெல்லாம் வேண்டாம் அங்கிள், செட்ட முடிச்சிடுங்க, போதும்"னாங்க. அதனால மீதி வால்யூம்கள சங்கக் காசுலயே வாங்கறதுன்னு தீர்மானம், ஆதரவு 9, எதிர்ப்பு 1. எதிர்த்தவர் பாக்ஸ் கட்சி, அவர் கொள்கைல நின்னாரு, அதுல மனவருத்தம் ஒண்ணும் இல்ல.

ஆகஸ்ட் கூட்டம்தான் என்ன பொறுத்தவரைக்கும் வருஷத்துலயே சிறந்தது. பழைய வாத்தியத்துல வாசிக்கறவங்க சுருதிய ஏன் இறக்கறாங்கன்னு தம்பி கேட்டாரு, நான் இப்ப வழக்கமான சுருதி 440, அவங்க வெக்கறது 415ன்னு ஹெர்ட்ஸ் கணக்கு சொல்ல ஆரம்பிச்சேன், அவர் முகத்துல ஒண்ணும் ஏறல. உடனே நம்ம பாட்டு டீச்சரம்மா பையிலேருந்து சுருதிப் பெட்டிய எடுத்தாங்க. பாக் எழுதின அஞ்சாவது பிராண்டன்பர்க் கான்செர்ட்டோ, டி மேஜர், அப்ப 2 கட்டை வெக்கணும் இல்லையா, வெச்சாங்க, ரெக்கார்ட போட்டோம், காது கூசுச்சு. பெட்டிய ஒன்றரை கட்டைக்கு எறக்கினாங்க, அப்படியே போய் உக்காந்துச்சு. சில ஃபிரெஞ்சு பரோக் ரெக்கார்ட்ல 392 வெப்பாங்க, அதுக்கு இன்னும் அரை கட்டை கீழ. ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சது, இருபது வருஷமா நான் போர்டுல எழுதி விளக்கினது. அதே கையோட அந்தம்மா தீட்சிதரோட நொட்டுஸ்வரத்துல (வெள்ளைக்கார மெட்டுக்கு அவர் போட்ட சாஹித்யம்) "ச்யாமளே மீனாக்ஷி" பாடினாங்க, அது அந்த ட்விங்கிள் ட்விங்கிள் மெட்டுதான், அதுக்கு அடுத்து அதே மெட்டுல மொசார்ட் எழுதின வேரியேஷன்ஸ போட்டோம், சங்கராபரணம்னு யாரும் சொல்லாமயே எல்லாருக்கும் புரிஞ்சது.

இனி ஒரு எச்சரிக்கை, தயவுசெஞ்சு கேளுங்க. இங்கிலாந்துல ஒரு ஃபேக்டரில 80 கடைசி, 90 ஆரம்பத்துல பிரெஸ் பண்ண சிடி வெச்சிருக்கறவங்க இன்னைக்கே வீட்டுக்கு போய் வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. என்னோடது ஒண்ணு ஓரத்துலேருந்து டீ கலர்ல மாறிட்டு வருது. மேல பூசின லேக்கர் சரியில்ல, புக்லெட் பேப்பர்ல இருக்கற கந்தகம் உள்ள எறங்கி வெள்ளி லேயர கறுக்கடிச்சுடுது, பூஜை ரூம்ல வெள்ளி குத்துவிளக்கு கறுக்கற அதே சமாச்சாரம், என்ன இத சபீனா போட்டு தேய்க்க முடியாது. சிடி உள்ளேருந்து வெளிய வாசிக்கும், கறுப்பு வெளியேருந்து உள்ள வரும், அதனால கடைசி ட்ராக்தான் முதல்ல சாகும். முதல் அஞ்சு நிமிஷம் போட்டு பாத்துட்டு நல்லாருக்குன்னு வெச்சுடாதீங்க, கடைசிலேருந்து கேளுங்க, முடிஞ்சா காப்பி எடுத்துக்கோங்க.

ஸ்ட்ரீமிங் பத்தி நீளமா எழுதல, எழுதினா மறுபடி சண்டை. ஹைப்பீரியன் மாதிரி வீம்பா வெளிய நின்ன லேபிளே 2023ல யுனிவர்சல் வாங்கினதும் ஃபோனுக்குள்ள வந்தாச்சு, அதே வருஷம் சுசுகிய போட்ட பிஸ் லேபிள் ஆப்பிள்கிட்ட போச்சு. தம்பி ஃபோன்லயே கேக்கறாரு, நல்லாதான் கேக்கறாரு. ஆனா லத்தீன் வரிக்கு அர்த்தம் வேணும்னா புக்லெட்டுக்கு என்கிட்டதான் வர்றாரு.

கூட்டு ஆர்டர் மூணு தடவ போட்டோம். ரெண்டு ஒழுங்கா வந்துச்சு. மூணாவது பார்சல் வழியில எங்கயோ ஆறு வாரம் கெடந்துட்டு வந்தது, 14 டிஸ்க்ல 5க்கு கேஸ் உள்ள பல்லெல்லாம் உதிர்ந்து கலகலன்னு ஆடுது, டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல. கடைக்காரங்களுக்கு ரெண்டு மெயில் போட்டேன், பதில் இல்ல. காலி கேஸ் வீட்டுல இருந்தா குடுங்க.

2026ல ஜான் டௌலண்ட் செத்து 400 வருஷம், லூட்டுன்னு கிட்டார் மாதிரி ஒரு பழைய வாத்தியத்துக்கு எழுதினவர். லூட் ரெக்கார்டா கொட்டப் போகுது, பட்ஜெட்ட பாத்துக்கோங்க. பிப்ரவரி கூட்டம் அவருக்குதான், சோகமான மனுஷன், காபி கொஞ்சம் ஸ்ட்ராங்கா போட சொல்லிருக்கேன்.

கடைசியா, ஹார்னன்கோர்ட்டும் லியோன்ஹார்ட்டும் நடத்தி 1971ல ஆரம்பிச்ச பாக் கான்டாட்டா எல்பி பாக்ஸ் மூணு நம்ம அலமாரில இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஸ்கோர் புக் (இசைக் குறிப்பு அச்சடிச்ச புத்தகம்) உண்டு. மூணாவது பாக்ஸோட ஸ்கோர் புக்க யாரோ மார்ச்லயே எடுத்துட்டு போயிருக்கீங்க, ரெஜிஸ்டர்ல கையெழுத்து இல்ல. யாருன்னு எனக்கு ஒரு யூகம் இருக்கு, பேர் போடல, அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டு வந்து மேஜை மேல வெச்சுட்டா போதும்.

செயலாளர்