பெர்னம்புகோ சோசலிஸ்ட் தோழர்களுக்கு: அந்த வீட்டுக்கு வெளியே யார்?

பிரேசிலிய சோசலிஸ்ட் கட்சியின் பெர்னம்புகோ தோழர்களுக்கு,

வணக்கம். ஜோவாவ் காம்போஸைப் பற்றி உங்களிடம் நேராகவே பேச வேண்டியிருக்கிறது. அவரைத் திட்டுவதற்காக இல்லை. 2024 அக்டோபரில் பெர்னம்புகோ மாநிலத் தலைநகரான ரெசிஃபி அவருக்கு முதல் சுற்றிலேயே 78 சதவீத வாக்குகளைக் கொடுத்து மறுபடி மேயராக்கியது. அவ்வளவு பெரிய தீர்ப்பைக் குடும்பப் பெயர் மட்டும் வாங்கித் தந்துவிடாது, நாலு வருஷம் நகரத்தை நடத்திய விதத்துக்கும் அதில் பங்கு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி அவரிடம் இல்லை, உங்களிடம். அராயிஸ், காம்போஸ் என்கிற அந்த ஒரு வீட்டுக்கு வெளியே ஒரு ஆளை இந்தக் கட்சி வளரவிடுமா, விடாதா?

நான் இந்த ஊரில் வரி கட்டி வாழ்கிற வெளிநாட்டுக்காரன், எனக்கு இங்கே ஓட்டு இல்லை. தமிழில் எழுதுவதற்குக் காரணம், கோபத்தையும் பிரியத்தையும் எனக்கு இந்த மொழியில்தான் முழுசாகச் சொல்ல வரும். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே என் ஆட்களுக்காகக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1964 ஏப்ரல் 1ஆம் தேதி, நாட்டின் ஆட்சியைப் பிடித்த ராணுவம் ஆளுநர் மாளிகையைச் சூழ்ந்துகொண்டு ராஜினாமா செய்யச் சொன்னபோது, அன்றைய பெர்னம்புகோ ஆளுநர், ஜோவாவின் கொள்ளுத்தாத்தா மிகேல் அராயிஸ் மறுத்துவிட்டார். கைது செய்து ஃபெர்னாண்டோ டி நொரோன்யா தீவில் அடைத்தார்கள். மறு வருஷம் விடுதலையாகி அல்ஜீரியாவுக்குப் போனவர், 1979இல் பொது மன்னிப்புச் சட்டம் வந்த பிறகுதான் திரும்பினார். ராணுவத்துக்கு அவர்மேல் அத்தனை ஆத்திரம் ஏன் என்றால், முந்தைய வருஷம்தான் கரும்பாலை முதலாளிகளைத் தொழிலாளர் சங்கங்களோடு உட்காரவைத்து, கரும்பு வெட்டுகிறவனுக்கும் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி உண்டு என்று ஒப்பந்தம் போட வைத்திருந்தார். அதற்கும் முன்னால், ரெசிஃபி மேயராக இருந்தபோது, கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே போன்றவர்கள் பங்கெடுத்த மக்கள் பண்பாட்டு இயக்கத்துக்கு நகராட்சியின் கதவைத் திறந்துவிட்டவர். கரும்புக் காட்டுக் கிழவர்கள் அவரை 'பாய் அராயா', அராயிஸ் அப்பா என்று சொன்னது இதற்காகத்தான். உறவு அவருக்கும் உதவியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1959இல் ஆளுநரான சிட் சம்பாயோ அவருக்குச் சகலை, அந்த அரசில் அவர் நிதிச் செயலாளராக இருந்தார். ஆனால் அவர் பெயருக்கு மரியாதை வந்தது கையெழுத்துப் போட மறுத்த அந்த நாளிலும் அதற்குப் பிந்திய பதினைந்து வருஷத்திலும்தான்.

அந்த மரியாதையைத்தான் இன்றுவரை இந்தக் கட்சி செலவழித்துக்கொண்டிருக்கிறது.

அராயிஸ் 1987இல் மறுபடி ஆளுநரானபோது அவருடைய அலுவலகத் தலைமைச் செயலாளராக வந்து உட்கார்ந்தது பேரன் எடுவார்டோ காம்போஸ், ஜோவாவின் அப்பா, வயது இருபத்தொன்றோ இரண்டோ. பிறகு எடுவார்டோ எம்.எல்.ஏ., எம்.பி., லூலா அரசில் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சர், 2007 முதல் ஆளுநர் என்று உயர்ந்தார். 2010இல் 82 சதவீதத்துக்கும் மேல் வாங்கி ஜெயித்தார். ஜனாதிபதி வேட்பாளராக இருந்தபோது 2014 ஆகஸ்ட் 13 அன்று சாண்டோஸ் நகரத்தில் விமானம் விழுந்து, கூட இருந்த ஆறு பேரோடு இறந்துபோனார். தாத்தா இறந்ததும் அதே ஆகஸ்ட் 13, 2005இல். அந்தத் துக்கம் இந்த ஊரில் உண்மையானது, அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். இருபது வயதுப் பையன் அப்பாவை இழந்து நின்றதை நாடே பார்த்தது.

ஆனால் அதற்கப்புறம் கட்சி என்ன செய்தது? 2016இல், இருபத்திரண்டு வயதில், ஆளுநர் பாவ்லோ கமாராவின் அலுவலகத் தலைமைச் செயலாளர் நாற்காலியை ஜோவாவுக்குக் கொடுத்தது. ஆம், அப்பா ஆரம்பித்த அதே நாற்காலி, கிட்டத்தட்ட அதே வயது. அந்த வயதில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர்கள் இந்த மாநிலத்தில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள், அவர்களில் ஒருவரையாவது அந்தப் பதவிக்கு யோசித்தீர்களா? 2018இல் முதல் தேர்தல், எம்.பி. பதவிக்கு 4,60,387 வாக்குகள், அதுவரை பெர்னம்புகோவில் எந்த எம்.பி.யும் வாங்காத எண்ணிக்கை. இருபத்து நாலு வயதுப் பையன் தானாகச் சம்பாதித்த வாக்குகளா அவை? அப்பாவுக்கும் கொள்ளுத்தாத்தாவுக்கும் விழுந்தவை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

2020இல் மேயர் தேர்தல் இரண்டாம் சுற்றில் நின்ற இரண்டு பேரும் ஒரே குடும்பம். ஒரு பக்கம் ஜோவாவ், எதிரே தொழிலாளர் கட்சியில் மரிலியா அராயிஸ், மிகேல் அராயிஸின் பேத்தி, ஜோவாவுடைய அப்பாவின் மாமன் மகள். 56க்கு 44 என்று ஜோவாவ் ஜெயித்தார். அந்தப் பிரச்சாரத்தில் எவ்வளவு கசப்பு இருந்தது என்பது போகட்டும். மரிலியா உங்கள் கட்சியில் நகர மன்ற உறுப்பினராக இருந்தவர் என்பதும், 2014இல் கட்சி இளைஞரணித் தலைமையை ஜோவாவுக்கென்று மேலிருந்து முடிவு செய்வதை அவர் வெளிப்படையாக எதிர்த்தார் என்பதும்தான் எனக்கு முக்கியம். எடுவார்டோ உயிரோடு இருந்தபோதே நடந்தது இது. அப்படியென்றால் வாரிசு ஏற்பாட்டை விபத்தின் துக்கத்தின் மேல் போட்டுவிட முடியாது. ரத்த உறவுள்ள ஒரு பெண்ணே அதைக் கேள்வி கேட்டு வெளியேறத்தான் முடிந்தது என்றால், அந்தக் குடும்பப் பெயர் இல்லாத ஒரு சாதாரண உறுப்பினர் உங்கள் கூட்டத்தில் எழுந்து என்ன பேசிவிட முடியும்?

சட்டம் ஒன்று இருக்கிறது, 1988 அரசியல் சாசனத்தின் 14ஆம் பிரிவு, ஏழாவது பத்தி. ஜனாதிபதி, ஆளுநர், மேயர் பதவியில் இருப்பவரின் கணவனோ மனைவியோ, இரண்டாம் நிலை வரையிலான உறவினரோ அதே எல்லைக்குள் தேர்தலில் நிற்க முடியாது, ஏற்கெனவே பதவியில் இருந்து மறுபடி நிற்பவர்களைத் தவிர. நல்ல விதிதான். ஆனால் அது பதவியில் இருக்கும்போது மட்டும்தான் தடுக்கும். தாத்தா போய், பேரன் வந்து, பேரனின் மகன் வருவதை எந்த நீதிமன்றமும் தடுக்காது, தடுக்கவும் கூடாது, யாரும் தேர்தலில் நிற்கலாம். அதனால்தான் பொறுப்பு கட்சியின் மேல் வந்து விழுகிறது.

இது ஏன் எனக்கு இத்தனை பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். 2022 மே மாதக் கடைசியில் பெய்த மழையில் ரெசிஃபியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நூறு பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் மண்சரிவில். ரெசிஃபியும் ஜபோட்டாவும் சேருகிற எல்லையில் ஜார்டிம் மோன்டே வெர்டே என்கிற ஒரே குடியிருப்பில் மட்டும் இருபது பேருக்கு மேல். மேடுகளில் ஏறிப் பார்த்தால் வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய செம்மண் சரிவு நிற்கும், ஜனங்கள் அதை 'பஹேய்ரா' என்பார்கள். அதன் மேல் நகராட்சி ஆட்கள் கொண்டுவந்து விரித்த பிளாஸ்டிக் விரிப்பு, ஓரங்களில் மண்ணும் கல்லும் வைத்து அமுக்கியது. வெயிலில் ஒரு வருஷத்தில் நார்நாராகிவிடும். மழைக்காலம் வருமுன் புதிசு கேட்டு மறுபடி போன் போட வேண்டும். சில சரிவுகளில் கான்கிரீட் சுவரும் படிக்கட்டும் கட்டியிருக்கிறார்கள், உண்மை. ஆனால் விரிப்பை நம்பித் தூங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த நகரத்தில் 2012 முதல் 2024 வரை நடந்த மேயர் தேர்தல் எல்லாவற்றிலும் ஜெயித்தது உங்கள் கட்சி. மாநிலத்தையும் 2007 முதல் 2022 முடியும்வரை உங்கள் கட்சிதான் ஆண்டது. அந்தச் சரிவுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டால், ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு புது இளம் முகத்தையும் ஒரு பழைய பெரிய பெயரையும் சேர்த்துக் காட்டுகிறீர்கள். புது முகத்துக்கு, நேற்று நடந்ததற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்ல வசதி. பழைய பெயருக்கோ அராயிஸின் சிறைவாசம் வரை நன்றிக்கடன். நடுவில் இருக்கிற பதினாறு வருஷ ஆட்சிக்குக் கணக்குக் கேட்க ஆளே இல்லாமல் போகிறது. வாரிசு அரசியலில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

எதிர்ப்பக்கமும் வேறு மாதிரி இல்லை, தெரியும். ஆளுநர் ராக்கேல் லைரா யார்? எடுவார்டோவுக்குத் துணை ஆளுநராக இருந்து, 2014இல் அவர் விலகியபோது ஆளுநரான ஜோவாவ் லைரா நேட்டோவின் மகள். 2026 ஆளுநர் தேர்தல் என்று யார் பேச்செடுத்தாலும் ஜோவாவ், ராக்கேல் என்ற இந்த இரண்டு பெயர்கள்தான் வருகின்றன. ஒரே அரசில் ஆளுநராகவும் துணை ஆளுநராகவும் இருந்தவர்களின் பிள்ளைகள். தொண்ணூறு லட்சத்துக்கு மேல் ஜனங்கள் வாழ்கிற மாநிலம் இது. அவர்களும் அப்படித்தானே என்று நீங்கள் பதில் சொன்னால் அது பதிலாகாது. சோசலிஸ்ட் என்று பெயரிலேயே வைத்திருப்பது நீங்கள்.

2025 ஜூனில் ஜோவாவைக் கட்சியின் தேசியத் தலைவராகவும் ஆக்கினீர்கள். அவருடைய தம்பி பெட்ரோ காம்போஸ் 2022 தேர்தலில் ஜெயித்த எம்.பி. வாழ்க்கைத்துணை தபாடா அமரால் சாவோ பாவ்லோவிலிருந்து உங்கள் எம்.பி. தபாடாவை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அவர் சாவோ பாவ்லோவின் தெற்கு ஓரத்தில் பேருந்து நடத்துநரின் மகளாகப் பிறந்து, படிப்பால் மேலே வந்து, எந்தக் குடும்பப் பெயரும் இல்லாமல் 2018இல் ஜெயித்தவர். ஆனால் கவனியுங்கள், அவர் ஜெயித்தது வேறு கட்சியில், 2021இல்தான் உங்களிடம் வந்தார். அப்படி ஒருவரை நீங்கள் ரெசிஃபியின் மேடுகளிலிருந்து வளர்த்ததாக எனக்கு ஒரு உதாரணம் சொல்லுங்கள், சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தேசியத் தலைமை என்பது வெறும் மாலை மரியாதை இல்லை. 2024 தேர்தலுக்கு அரசாங்கம் கட்சிகளுக்குக் கொடுத்த தேர்தல் நிதி மொத்தம் சுமார் 496 கோடி ரியால். அதில் ஒவ்வொரு கட்சியின் பங்கும் எப்படிப் பிரிக்கப்பட வேண்டும் என்று முடிவு செய்வது தேசியத் தலைமைதான். எத்தனையோ நகரங்களில் கட்சிகள் நிரந்தரக் கமிட்டியைத் தேர்ந்தெடுப்பதே இல்லை, மேலிருந்து நியமித்த தற்காலிகக் குழுவை வைத்தே வருஷக்கணக்கில் ஓட்டுகின்றன. பிடிக்காவிட்டால் ஒரே கடிதத்தில் கலைத்துவிடலாம். மக்கள் வரிப்பணம், மேலிருந்து நியமனம், உச்சியில் ஒரு குடும்பம். இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் கீழே இருக்கிறவன் எப்படி மேலே வருவான்?

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? ஜோவாவை விலகச் சொல்லவில்லை. அவர் நிற்கட்டும், ஜனங்கள் முடிவு செய்யட்டும். ஆனால் வேட்பாளர்களை முடிவு செய்யும் கட்சி மாநாடுகள் ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 5க்குள் நடக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன்னால், பெர்னம்புகோவில் எம்.எல்.ஏ., எம்.பி. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நிதி, எந்த அளவுகோலில் என்று எழுத்தில் வெளியிடுங்கள். பணம் செலவான பிறகு தேர்தல் நீதிமன்றத்தின் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் கேட்பது செலவாவதற்கு முன்னால். தற்காலிகக் குழுக்களை வைத்து ஓட்டுகிற ஊர்களில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுக் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கட்டும். இளைஞரணிக்கும் அப்படியே, இந்த முறையாவது. கூடவே, காம்போஸ், அராயிஸ் என்ற பெயர் இல்லாத, மேட்டுக் குடியிருப்புகளிலிருந்தோ கரும்புக் காட்டிலிருந்தோ வருகிற ஒருவருக்கு, ஜெயிக்க வாய்ப்பே இல்லாத ஒரு ஓரத்து இடத்தைக் கொடுக்காமல், ஜெயிக்கக்கூடிய அளவுக்குப் பணமும் தொலைக்காட்சி நேரமும் கொடுங்கள்.

இதில் எதையாவது ஏற்கெனவே செய்திருக்கிறீர்கள் என்றால், எங்கே, எந்த ஊரில் என்று சொல்லுங்கள், நான் போய்ப் பார்க்கிறேன்.

அன்புடன்,
ரெசிஃபியில் வாழும் ஒரு தமிழன்