வழக்கை விடவேணாம், தம்பி

கொட்டகலை

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்க எல்லாரும் சுகம். அப்பாவுக்கு இருமல் கொறைஞ்சிருக்கு. நம்ம வீட்டைக் கட்டித் தாரேன்னு ஒன் காசை வாங்கிட்டு, வேலையைப் பாதியில விட்டுட்டுப் போன மேசன் பாஸ் விசயமாத்தான் எழுதுறேன்.

"போனது போகட்டும், கோட்டுக்குப் போனா இன்னும் காசுதான் போகும், விட்டுருங்கம்மா"னு போன்ல சொன்ன. நான் விடுறதா இல்ல தம்பி. கட்டார் வெயில்ல நீ உழைச்ச காசு அது. உங்க தாத்தாவும் பாட்டியும் தோட்டத்து லயத்துக் காம்பராவுலயே பொறந்து அதுலயே கண்ண மூடுனவங்க. நம்ம குடும்பத்துக்குனு எழும்புன மொத வீடு லிண்டல் மட்டத்தோட நிக்குது. கம்பியெல்லாம் துருப்பிடிச்சு, மழைக்கு அந்தத் துரு பிளொக் கல்லுல செவப்பா வழிஞ்சு கிடக்கு. கதவுக்கு விட்ட எடத்துல மானாப்புல்லு இடுப்பளவு. அதைப் பார்த்துட்டு எப்படி விடுறது?

ஹட்டன்ல ஒரு லோயர் அம்மாவைப் போய்ப் பார்த்தோம். கதையக் கேக்க முந்தியே கடுதாசியத்தான் கேட்டாங்க. 2022ல பாஸோட எழுதின கொந்தராத்து ஒப்பந்தம், நீ அனுப்பின பேங்க் சிலிப்பு எல்லாத்தையும் திகதிப்படி அடுக்கி, எந்தக் காசு எந்த வேலைக்குனு ஓரத்துல செவப்புப் பேனையால எழுதினாங்க. பாஸ் உனக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ், போட்டோ ஒண்ணையும் அழிச்சிராத. 2006ல வந்த இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தால அதையும் கோட்டுல சாட்சியமாக் காட்டலாமாம்.

எழுத்துல உள்ள ஒப்பந்தத்தை மீறினா 6 வருசத்துக்குள்ள வழக்குப் போடணும். வெறும் வாய்ப்பேச்சுனா 3 வருசந்தான். 1871ஆம் வருசத்துச் சட்டந்தான் இன்னைக்கும் கணக்கு. நமக்கு எழுத்து இருக்கு, காலமும் இருக்கு. ஆனா "பார்ப்போம், பார்ப்போம்"னு இருந்தா அது நமக்காகக் காத்திருக்காது.

மொதல்ல கோரிக்கைக் கடிதம், பதிவுத் தபால்ல. குறிச்ச நாளுக்குள்ள காசைத் திருப்பித் தரணும், இல்லாட்டி வழக்குனு எழுதுவாங்க. சின்னத் தொகைனா மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் வரலைனு சான்றிதழ் எடுத்தாத்தான் வழக்கே போட முடியும். நம்ம தொகை அந்த வரம்பைத் தாண்டிருச்சு. பாஸ் நுவரெலியாவுல குடியிருக்கிறதால அங்க மாவட்ட நீதிமன்றத்துலயே போடலாம்.

சிங்களத்துல நடக்குமேனுதான் அப்பாவுக்குப் பயம். அரசியலமைப்போட 24ஆம் உறுப்புரைப்படி தமிழ்லயும் வழக்குத் தாக்கல் பண்ணலாம், மொழிபெயர்ப்பாளரும் உண்டுனு லோயர் அம்மா வெளங்கப்படுத்தினாங்க. வெளங்காத எதுலயும் நான் கையெழுத்து வைக்கமாட்டேன், நீ யோசிக்காத.

அவங்க ஒண்ணையும் மறைக்கல, அதனாலதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. வருசக்கணக்குல இழுக்கலாம்னாங்க. கடிதத்துக்கு எவ்வளவு, வழக்குத் தாக்கலுக்கு எவ்வளவு, கோட்டுல வழக்கு எடுக்கிற ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவுனு எழுதியே தந்தாங்க. தீர்ப்பு கிடைச்சாலும் காசு தானா வந்துராது, அதை நிறைவேத்த மறுபடி கோட்டுக்கு விண்ணப்பிக்கணும், பாஸ் பேர்ல லொறியோ காணியோ இருக்கானு இப்பவே விசாரிங்கனும் சொன்னாங்க. லொறி இருக்கு, அது ஊருக்கே தெரியும். நடுவுல அவர் சமாதானத்துக்கு வந்தா, அதைக் கோட்டுலயே பதிய வச்சாத்தான் சரி. வெளிய பேசின பேச்சை இனி நான் நம்பமாட்டேன்.

கொந்தராத்து ஒன் பேர்ல இருக்கு, அதனால வழக்காளி நீதான். நீ அங்க இருக்கிறதால அப்பா பேருக்கு அற்றோணித் தத்துவம் எழுதித் தரணும், அதாவது ஒனக்குப் பதிலா அப்பா வழக்கைப் பார்க்க நீ குடுக்கிற அதிகாரப் பத்திரம். என்னென்ன எழுதணும்னு லோயர் அம்மா தயார்பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க. நிதானமா வாசி. பிடிக்காத வரி இருந்தா மாத்தச் சொல்லு. பெறகு லீவு கேட்டு தோஹாவுல நம்ம எம்பசிக்குப் போய், அவங்க முன்னாலயே கையெழுத்து வை, பாஸ்போட்டையும் கொண்டுபோ. அசலைத் தபால்ல போடாத தம்பி. வார மாசம் லீவுல வர்ற மேட்டு லயத்துப் பையன் கையில குடுத்தனுப்பு, இங்க பதிவு பண்ண அசல்தான் வேணும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா