பூங்காப் பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சித்திரையில் தொடங்கிய பூங்கா வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கை வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறோம். சந்தேகம் இருந்தால் பொருளாளரைக் கேளுங்கள்.

"புதுசா என்ன கட்டினீங்க?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். கட்டியது குறைவு, உடைத்ததுதான் அதிகம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் நம் பூங்காவில் மரங்கள் சாய்ந்து கிடந்தது நினைவிருக்கும். சென்னை முழுக்க அன்று குல்மோஹரும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் ஏராளமாக விழுந்தன. மரத்தின் வகை ஒரு காரணம். இன்னொரு காரணம் நாம்தான்: அடிமரத்தை ஒட்டி சிமெண்ட் பூசி, வேர் ஓட வழியில்லாமல் செய்திருந்தோம். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு 2013லேயே உத்தரவிட்டது. நாம் இப்போதுதான் கடப்பாரையைக் கையில் எடுத்தோம். எட்டு போட்டு நடக்கும் பாதையை மட்டும் தொடவில்லை; தொட்டிருந்தால் குழுவையே கலைத்திருப்பீர்கள்.

அப்புறம் தண்ணீர். 2019 கோடையில் போர்வெல் வற்றி, செடிகளுக்கு லாரித் தண்ணீர் ஊற்றினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அதே இடத்தில் முழங்கால் அளவு வெள்ளம். நம் பகுதியில் மேலே களிமண், அதற்கும் கீழேதான் மணல். மழைநீரை நிலத்துக்குள் இறக்க உறைகிணறு தோண்டினோம். மணல் வரை உறை இறக்கினால்தான் மழைநீர் உள்ளே போகும். முதலில் தோண்டியவர்கள் களிமண்ணோடு நிறுத்திவிட்டார்கள். கிணறு தொட்டி மாதிரி நிரம்பி நின்றது. கூட நின்று பார்க்காதது எங்கள் தவறு. மறுபடி தோண்டிய செலவு கணக்கில் தனி வரியாக இருக்கிறது. கிணற்றைச் சுற்றி வெட்டிய பள்ளத்தில் கொசு வரும் என்று சிலர் பயந்தீர்கள். கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். ஐப்பசி மழையில் பள்ளம் இரண்டே நாளில் வடிந்துவிட்டது.

கொரியன் புல்லில் பாதியை எடுத்துவிட்டோம். அது குடிக்கிற தண்ணீருக்கு நிழலும் தருவதில்லை. புங்கை, பூவரசு, நீர்மருது, மகிழம் கன்றுகளைப் புரட்டாசிக் கடைசியில் நட்டதால் மழையே வேர் பிடிக்க வைத்தது. மரத்தடியில் சருகு கிடப்பது தோட்டக்காரரின் சோம்பல் அல்ல. ஈரம் காயாமலிருக்க நாங்கள் போடச் சொன்ன மூடாக்கு. தயவுசெய்து அவரைத் திட்ட வேண்டாம்.

காசே செலவாகாத வேலை ஒன்றும் நடந்தது. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை பூங்கா பூட்டிக் கிடந்தது. அதாவது, வெயில் கொளுத்தும் நேரத்தில் நிழலைப் பூட்டி வைத்திருந்தோம். மாநகராட்சியின் அனுமதியோடு இப்போது பகல் முழுக்கத் திறந்திருக்கிறது. உணவு கொண்டுவரும் பையன்களும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களும் மதியம் உட்கார்கிறார்கள். "கண்டவங்க வந்து படுக்கிறாங்க" என்று ஒரு புகார் வந்தது. உழைத்துக் களைத்தவர்கள்தான் படுக்கிறார்கள். குழுவின் முடிவில் மாற்றமில்லை.

பாக்கி ஒன்று உண்டு. தகரச் சறுக்குமரம் இன்னும் வெயிலில்தான் நிற்கிறது. பொங்கலுக்குள் வேப்பமரத்தடிக்கு மாற்றிவிடுவோம். அதுவரை மதியத்தில் பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள், தொடை சுட்டுவிடும்.

இப்படிக்கு,
பூங்கா பராமரிப்புக் குழு