மம்மல் என்ற சொல்லுக்காக ஒரு கடிதம்

திருகோணமலை,
பங்குனி மாதம்.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதமும் அதனோடு நீ அனுப்பிய கதைகளும் சென்ற கிழமை கிடைத்தன. நீயும் வீட்டாரும் நலமாக இருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் எல்லோரும் சுகம். ஓய்வு பெற்று இரண்டு வருடங்களாகியும் சித்திரம் படிப்பிப்பதை நான் விடவில்லை. சனிக்கிழமைகளில் எட்டுப் பிள்ளைகள் வீட்டு விறாந்தைக்கு வருகிறார்கள். மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். உன் கதைகளைப் பற்றி எழுதாமல் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

போன வருடம் நீ கையெழுத்தில் அனுப்பிய படிகளையும் இப்போது வந்த திருத்திய படிகளையும் மேசையில் அருகருகே வைத்து, மூன்று இரவுகள் வரிக்கு வரி ஒப்பிட்டு வாசித்தேன். ஒரு கதையில் வரும் தாய், பழைய படியில், “மம்மல் நேரத்தில கடலைப் பாத்துக்கொண்டு நிக்காத பிள்ளை” என்கிறாள். புதிய படியில் அதே தாய், “மாலை வேளையில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்காதே மகளே” என்கிறாள். வெளியூர் வாசகருக்கு விளங்காது என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் சொன்னதால் மாற்றியதாக எழுதியிருக்கிறாய். முதல் வரியை வாசித்தபோது எனக்கு என் அம்மாவின் குரல் கேட்டது. இரண்டாவதில் யாருடைய குரலும் கேட்கவில்லை. மம்மல் என்பது மாலையும் இல்லை, இரவும் இல்லை. எதிரே வருபவரின் முகம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் சிறு பொழுது அது. வள்ளத்திலிருந்து இறங்கி வருகிற தகப்பனை மகள் அடையாளம் காணாமல் நிற்பதுதானே உன் கதை? அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அவள் ஏன் அடையாளம் காணவில்லை என்பதற்கே காரணம் இல்லாமல் போகிறது.

நம் ஊரில் 1939இல் பிறந்த தருமு சிவராமைப் பற்றி நாம் கடற்கரையில் இருந்து எத்தனை மாலைகள் பேசியிருக்கிறோம்! புதுக்கவிதையைக் கவிதை என்று ஒப்புக்கொள்ளவே பலர் தயங்கிய 1960ஆம் ஆண்டளவில், இருபது வயதை ஒட்டிய இளைஞராக, இந்தச் சிறு பட்டினத்தில் இருந்துகொண்டு, சென்னையில் சி. சு. செல்லப்பா நடத்திய ‘எழுத்து’ இதழுக்குக் கவிதையும் விமர்சனமும் அனுப்பத் துணிந்தவர் அவர். எண்சோதிடத்தில் இருந்த ஈடுபாட்டால் பிரமிள், பானுசந்திரன் என்று எத்தனையோ தடவை பெயரை மாற்றிக்கொண்டார். ஆனால் எந்தப் பெயரில் வந்தாலும் இரண்டு வரி வாசித்தவுடன் அது யாருடைய கை என்று தெரிந்துவிடும். பெயரையே கழற்றி வைக்கக்கூடிய ஒருவர் தன் மொழியை மட்டும் எவருக்காகவும் கழற்றவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. அவருடைய சண்டைகளை நான் உனக்குப் பரிந்துரைக்கவில்லை. தன் மொழியில் அவர் வைத்த நம்பிக்கை சில இடங்களில் கடுஞ்சொல்லாகவும் வெளிப்பட்டது. அதனால் அவருக்கு எதிரிகளும் உண்டானார்கள். எனினும் 1997இல் அவர் மறைந்த பின்னரும் இளைய கவிஞர்கள் அவரிடம் திரும்பத் திரும்பப் போவது அந்தத் தனிக்குரலைத் தேடித்தான்.

நீ உடனே, “தன் பாணி, தன் பாணி என்று சொல்லிக்கொண்டு எதையும் கற்காமல் இருப்பவர்களும் உண்டே” என்று கேட்பாய் என்று தெரியும். உன் அப்பாவின் வானொலிப் பெட்டியில் திருச்சி நிலையத்தை இரைச்சலுக்கு நடுவே பிடித்துக் கேட்ட கர்நாடக இசைப் பாடகர் எம். டி. இராமநாதனை நினைத்துப் பார். கனத்த, தாழ்ந்த சாரீரம் அவருக்கு. மற்றவர்கள் பிருகா என்னும் வேகமான சுர உருட்டல்களால் கைதட்டல் வாங்கிய காலத்தில் அவர் விளம்ப காலம் என்னும் மெதுவான நடையிலேயே நின்று, ஒரு சுரத்தை விட்டு அடுத்ததற்குப் போக அவசரப்படாமல் பாடினார். கேட்டவர்களில் பலருக்குப் பொறுமை போதவில்லை. சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிடைக்காமலே 1984இல் காலமானார். இன்று அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்கிறார்கள். அத்தகைய தனிவழிக்காரர் தாம் இயற்றிய கீர்த்தனைகளில் வைத்த முத்திரை ‘வரததாசன்’ என்பது, அதாவது தம் குரு டைகர் வரதாச்சாரியாருக்கு அடியவன். குருவிடம் முழுவதும் கற்று, அந்தக் கல்வியைத் தன் தொண்டைக்கு ஏற்றபடி விரித்துக்கொண்டவர் அவர். தன்னம்பிக்கை பணிவோடும் இருக்கலாம் என்று எனக்குக் காட்டியது அந்த ஒரு சொல்.

இனி என் வகுப்புச் செய்தி. எட்டுப் பேரில் ஒரு பெண் பிள்ளை, திருக்கடலூரில் கடற்றொழில் செய்பவரின் மகள், கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைப் பாறையை எல்லோரும் வரைவதுபோலக் கரையிலிருந்து வரையாமல் கடலுக்குள் இருந்து வரைகிறாள். தகப்பனோடு வள்ளத்தில் போனபோது பார்த்தது. பாறை தாளின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு கறுப்பாக எழும்பி நிற்கிறது. கோணேசர் கோயில் உச்சியில் விரல் நகமளவு. போட்டி ஒன்றுக்கு அனுப்பினோம், பரிசு இல்லை. “கோயில் தெளிவாக இல்லை” என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். “சேர், அடுத்த முறை மற்றவர்களைப் போல வரையட்டுமா?” என்று அவள் கேட்டாள். நான் மறுமொழி சொல்லாமல் உள்ளே போய், முப்பது வருடங்களாக நான் வரைந்த நீர்வர்ணப் படங்களைக் கொண்டுவந்து விரித்தேன். எல்லாவற்றிலும் கடல் ஒரே நீலம், நாட்காட்டி நீலம். மார்கழியில் வாடை வீசும்போது உள்துறைமுகம் ஈயத்தகடுபோலச் சாம்பல் பூத்துக் கிடப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே அந்த நீலத்தைப் பூசியிருக்கிறேன், வாங்குபவர்கள் நீலத்தைத்தான் விரும்புவார்கள் என்று. படங்கள் விற்றன. அவற்றில் ஒன்றையேனும் என்னுடையது என்று அவளுக்குக் காட்ட முடியாமல் நின்றேன். அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, தன் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த சனிக்கிழமை இன்னும் பெரிய பாறையோடு வந்தாள்.

அன்று தொடங்கி நானும் சாம்பல் நிறத்தைக் கலக்கப் பழகுகிறேன். இந்த வயதில் கை தடுமாறுகிறது. மனம் மட்டும் விடியப்புறமே எழுந்துவிடுகிறது.

உன்னிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பத்திரிகை ஆசிரியர் சொன்ன எல்லாமே பிழை இல்லை. சந்தைக் கதையின் நடுவில் மூன்று பக்கம் வருகிற வருணனை உன் பாணி அன்று, உன் சோம்பல். கதை எங்கே போகிறது என்று தெரியாதபோதெல்லாம் நீ பொருட்களை அடுக்கத் தொடங்குகிறாய். அதை வெட்டு. இரண்டையும் பிரித்தறிய நான் கண்ட வழி, சத்தமாக வாசிப்பதுதான். அந்த மூன்று பக்கத்தில் என் நாக்கு களைத்துப்போனது. தாயின் வரியில் களைக்கவில்லை, என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து, “யார் அப்படிச் சொன்னது?” என்று கேட்டாள்.

சித்திரை விடுமுறைக்கு வருவதாக எழுதியிருந்தாய். கச்சான் காற்று எழும்ப முதல் வந்து சேர். அந்தப் பிள்ளையின் தகப்பன் நம் இருவரையும் வள்ளத்தில் பாறைக்கு அப்பால் கூட்டிப்போகச் சம்மதித்திருக்கிறார். வரும்போது பழைய கையெழுத்துப் படியைக் கொண்டு வா. புதியது என்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்