நாலடிக் குழியில் ஒரு பழைய கடல்

தங்கச்சிமடம்,
ஆவணி மாதம்.

அன்புள்ள காசி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அங்கே ஒரு குழி வெட்டியிருக்கிறோம். இந்தக் கடிதம் முழுக்க அந்தக் குழியைப் பற்றித்தான் இருக்கப்போகிறது. அதற்கு முன்னால் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் சுகம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து, இப்போது காலையில் கோயில்வரை நடந்து போய் வருகிறாள். பெரிய மகள் பிரசவத்துக்கு வந்து, பேரனோடு ஊருக்குத் திரும்பிவிட்டாள். புதுப் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்த பிறகு, மண்டபத்தோடு நின்றுபோயிருந்த கூட்டம் மறுபடி தீவுக்குள் வருகிறது. ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் உன் நினைப்பு வரும். சரி, குழிக்கு வருகிறேன்.

செப்டிக் டேங்குக்காகத் தோண்டச் சொன்னேன். மேலே ஒன்றரை அடிக்கு வெறும் மணல். அப்புறம் சிப்பியும் சங்கும் கலந்த சரளை. நாலடியில் கடப்பாரை ‘டங்’ என்று நின்றது. ‘கீழே கல்லு இருக்கு, உடைச்சுரலாமா?’ என்று கொத்தனார் கேட்டார். இறங்கிப் பார்த்தேன். முருகைக்கல், அதாவது பவளக்கல். என் அப்பா சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தபோது மலைபோல் குவித்து வைத்திருப்பார்களே, அதே கல். பின்னால் பவளத்தைத் தொடவே கூடாது என்று சட்டம் வந்து அதெல்லாம் நின்றுபோனது. சின்ன வயதில் நாம் இரண்டு பேரும் அந்தக் குவியலின் மேல் ஏறி விளையாடி முட்டியைக் கிழித்துக்கொண்ட கல்தான்.

ஆனால் இந்தக் கல் யாரோ கொண்டுவந்து கொட்டியதல்ல. அலை உருட்டிப் போட்டதுமல்ல. அதுவாக இருந்தால் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் கிடக்கும். இங்கே பவளம் வளர்ந்த இடத்திலேயே நிமிர்ந்து நிற்கிறது. தேன்கூடு போல நுணுக்கமான கண்கள் எல்லாம் வானத்தைப் பார்க்கின்றன. பெரிய உருண்டைகளின் உச்சி மட்டும் சீவினாற்போலத் தட்டையாக இருக்கிறது. அந்தத் தட்டை உச்சிதான் முக்கியம். பவளப்பூச்சி தண்ணீருக்கு வெளியே பிழைக்காது. கடல் நன்றாக வற்றும் நேரத்தில் நீர் எதுவரை நிற்குமோ, அதுவரைதான் மேலே வளரும். அதன்பின் பக்கவாட்டில்தான் விரியும். ஆக, அந்த உச்சி அன்றைய கடலின் வற்று மட்டத்தைக் கோடு போட்டுக் காட்டியதுபோல. என் கொல்லை ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்திருக்கிறது, காசி. இன்றைக்கு அது கரையிலிருந்து நூற்றைம்பது மீட்டர் உள்ளே.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது வில்லூண்டித் தீர்த்தக் கரையில் உட்கார்ந்து நாம் போட்ட சண்டை உடனே ஞாபகம் வந்தது. அங்கே கரையோரம் நிற்கும் முருகைப்பாறையைக் காட்டி, ‘இது தண்ணிக்கு மேலே எப்படி வந்துச்சு?’ என்று நீ கேட்டாய். நிலம் எழுந்தது என்றேன். கடல் இறங்கியது என்றாய். அங்கிருந்து பேச்சு பூமியின் வயிற்றுக்குள் போய்விட்டது. மேலே நாம் நிற்கும் ஓட்டைத் தாண்டினால் உள்ளே முழுக்க நெருப்புக் குழம்புதான் என்றாய். கெட்டிப் பாறை என்றேன். இருட்டும்வரை பேசியும் இரண்டுமே தீரவில்லை. இப்போது என் முடிவைச் சொல்கிறேன். முதல் வழக்கில் நீ சொன்னதுதான் பெரும்பாலும் சரி. ஆனால் அது சரியாவதற்கு, இரண்டாவது வழக்கில் நான் சொன்னது சரியாக இருக்க வேண்டும்.

முதலில் அளந்து பார்த்தேன். கொத்தனாரின் ட்யூப் லெவலை வாங்கி, அவரையும் கூட வைத்துக்கொண்டு, குழியிலிருந்து வடக்கே பெண்கடல் என்று நாம் சொல்லும் பாக் நீரிணைப் பக்கக் கரைவரை எட்டுத் தடவை மாற்றி மாற்றிப் பிடித்தோம். அமாவாசைக்கு மறுநாள், தண்ணீர் நன்றாக வற்றியிருந்த நேரம். பவளத்தின் உச்சி அந்த வற்று நீருக்கு மேலே ஏறக்குறைய மூன்றரை அடியில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. ட்யூபுக்குள் தண்ணீர் காட்டும் மட்டம் என்பது பூமியின் ஈர்ப்பு காட்டும் மட்டம்தான். அந்த ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்துமாக்கடலில், உலகச் சராசரி வடிவத்தோடு ஒப்பிட்டால், நீர்ப்பரப்பு 100 மீட்டருக்கும் மேல் பள்ளமாக இருக்கிறது. உலகத்திலேயே ஆழமான பள்ளம் அதுதான். 1948-இல் வெனிங் மைனஸ் என்ற டச்சுக்காரர் ஈர்ப்பை அளந்து கண்டுபிடித்தார். பள்ளம் ஏறக்குறைய முப்பது லட்சம் சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடப்பதால் கப்பலில் போகிறவனுக்கு எந்தச் சரிவும் தெரியாது. அடியில் பல நூறு கிலோமீட்டர் ஆழத்தில் சூடான, எடை குறைந்த பாறை இருப்பதுதான் காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2023-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நம் கடலின் மட்டத்தை அவ்வளவு ஆழத்தில் கிடக்கும் பாறை தீர்மானிக்கிறது என்பதை இதைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

குழிக்குத் திரும்புகிறேன். ராமநாதபுரம் கரையின் உயர்ந்து நிற்கும் பவளப்பாறைகளைப் பற்றியே 1972-இல் டேவிட் ஸ்டோடார்ட் என்ற ஆங்கிலேயரும், பவள ஆய்வாளர் கோபிநாதப் பிள்ளையும் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். கார்பன் முறையில் வயது பார்த்தபோது ஏறக்குறைய 4000 ஆண்டு வந்திருக்கிறது. பூமியின் கணக்கில் இது நேற்று.

நிலமா, கடலா என்ற நம் சண்டையை நமக்கு முன்னால் ஸ்வீடனில் போட்டிருக்கிறார்கள். டிகிரி செல்சியஸ் என்கிறோமே, அந்த ஆண்டர்ஸ் செல்சியஸ்தான். அங்கே கரைப்பாறைகள் தலைமுறைக்குத் தலைமுறை தண்ணீரை விட்டு மேலே வந்துகொண்டிருந்தன. 1731-இல் ஒரு பாறையில் நீர்மட்டத்தைக் கோடு செதுக்கி வைத்தார். கடல்நீர் குறைகிறது என்பது அவர் கட்சி. அதாவது உன் கட்சி. ஆனால் அங்கே எழுந்தது நிலம். பனியுகத்தில் மூன்று கிலோமீட்டர் கனத்துக்குப் பனி அழுத்திக்கொண்டிருந்த நிலம், பாரம் போனதும் மெதுவாக நிமிர்கிறது. இன்றைக்கும் சில இடங்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்.

அப்படியானால் நம் ஊரிலும் நிலம்தான் எழுந்தது என்று நான் மார்தட்டியிருக்கலாம். ஆனால் இங்கே பனிப்பாரம் எப்போதும் இருந்ததில்லை. அதோடு, இதே மாதிரி உயர்ந்த பவளமும் பழைய கரைக்கோடும் மலேசியாவில், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கரையில், பசிபிக் தீவுகள் பலவற்றில் இருக்கின்றன. வயதும் இதை ஒட்டியே, பெரும்பாலும் 4000-இலிருந்து 6000 ஆண்டுக்குள். இத்தனை தூரத்தில் உள்ள நிலங்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒரே காலத்தில் எழுவதைவிட, அங்கெல்லாம் கடல் இறங்கியது என்பதே பொருந்துகிறது. உன் கட்சி ஜெயித்தது அங்கேதான்.

சரி, இறங்கிய தண்ணீர் எங்கே போனது? நான் பத்து நாள் தூங்காமல் யோசித்தது இதைத்தான். 20,000 ஆண்டுக்கு முன்னால் கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணையின் ஆழம் உனக்குத் தெரியும், பெரும்பகுதி பதினைந்து மீட்டரைத் தாண்டாது. ஆக, இங்கிருந்து தலைமன்னாருக்குக் காலை நனைக்காமல் நடந்தே போயிருக்கலாம். பனி உருக உருகக் கடல் ஏறியது. 7000 ஆண்டுவாக்கில் பெரும்பகுதிப் பனி உருகித் தீர்ந்தது. அதற்குப் பின் கடல் அப்படியே நின்றிருக்க வேண்டும். ஆனால் நம் பக்கம் இறங்கியிருக்கிறது.

விடை பனி இருந்த இடத்தில் இருக்கிறது. கனடாவையும் ஸ்காண்டிநேவியாவையும் பனி அழுத்தியபோது, அடியிலிருந்த பாறை வெளிப்புறமாக ஒதுங்கி, சுற்றிலும் மேடு கட்டியது. பிசைந்த மாவின் நடுவில் உள்ளங்கையை அழுத்தினால் ஓரம் புடைக்குமே, அதுபோல. பனி போனதும் நடுப்பகுதி எழுந்தது, ஓரமேடு இறங்கியது. அந்த மேட்டில் பெரும்பகுதி கடலுக்கடியில். கடல்தரை இறங்கினால் அங்கே இடம் உண்டாகும், அதை நிரப்ப நடுக்கோட்டுப் பக்கத்துக் கடல்களிலிருந்து தண்ணீர் போகும். இதை 1991-இல் மித்ரோவிகா, பெல்டியர் என்ற இருவர் கணக்கிட்டுச் சொன்னார்கள். கனடாவில் பனி உருகியதன் மீதிக்கதை என் கொல்லையில் மூன்றரை அடியாக நிற்கிறது. குழிக்குள் இறங்கி அந்தக் கல்லின் மேல் கையை வைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

‘பாறை ஒதுங்கியது, நகர்ந்தது என்கிறாயே, அப்போது அது குழம்புதானே’ என்று நீ கேட்பாய். அந்தக் கேள்விக்காகவே தனியாக எழுதுகிறேன்.

உன் வாதம் பலவீனமானதல்ல. பங்காருப்பேட்டையில் நீ வேலை பார்த்தபோது கோலார் சுரங்கத் தொழிலாளர்கள் சொன்னதை மறக்கவில்லை. மூன்று கிலோமீட்டருக்குக் கீழே பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். ரஷ்யாவில் கோலா என்ற இடத்தில் 12,262 மீட்டர் துளைத்தபோது 180 டிகிரி. இப்படியே ஏறினால் நூறு கிலோமீட்டரில் எந்தப் பாறையும் உருகத்தான் வேண்டும் என்றாய். ஆனால் சூடு அதே வேகத்தில் ஏறுவதில்லை, ஆழம் போகப் போக ஏற்றம் குறைகிறது. அழுத்தமும் கூடுகிறது. குக்கருக்குள் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கிறது அல்லவா? அதுபோல அழுத்தம் கூடக் கூடப் பாறை உருகுவதற்கு வேண்டிய சூடும் கூடுகிறது. எரிமலைக் குழம்பு என்பது அழுத்தம் குறைந்த இடத்திலோ, தண்ணீர் கலந்த இடத்திலோ கொஞ்சம் உருகி மேலே வருவது.

உன் வீட்டு வாசலிலிருந்தே ஒரு சாட்சி இருந்தது, காசி, நாம் கவனிக்கவில்லை: கடலின் ஏற்றமும் வற்றமும். 1863-இல் கெல்வின் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இதைக் கேட்டார். பூமியின் உள்ளே முழுக்கக் குழம்பாகவும் மேலே மெல்லிய ஓடாகவும் இருந்தால், சந்திரன் இழுக்கும்போது தரையும் கடலோடு சேர்ந்தே உயரும், சேர்ந்தே தாழும். கரையில் நிற்பவனுக்கு ஏற்றமும் தெரியாது, வற்றமும் தெரியாது. தரையும் சிறிது அசைகிறதுதான், முப்பது சென்டிமீட்டர்வரை. ஆனால் கடலோடு முழுசாக ஈடுகொடுப்பதில்லை. உள்ளே இரும்பைப் போன்ற விறைப்பு இருப்பதால்தான் வள்ளம் வற்றில் தரைதட்டுகிறது.

இரண்டாவது சாட்சி நில அதிர்ச்சி. 1897 ஜூன் 12-இல் ஷில்லாங் பக்கம் வந்த பெரும் நடுக்கத்தை ஆராய்ந்தவர் நம் நாட்டுப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ஓல்டாம். அதிர்வில் இரண்டு வகை உள்ளே போகின்றன என்று பிரித்தார். ஒன்று ஷண்டிங்கில் ஒரு ரயில் பெட்டியை இடித்தால் கடைசிப் பெட்டிவரை போவது போன்றது. இன்னொன்று கயிற்றைக் குலுக்குவது போன்றது. குலுக்கல் அலை கெட்டிப் பொருளில்தான் ஓடும், திரவத்தில் செத்துப்போகும். அது 2900 கிலோமீட்டர் ஆழம்வரை ஓடுகிறது. அவ்வளவு தூரமும் கெட்டி.

கெட்டியாக இருந்துகொண்டே நகர்வது எப்படி? சாலை போடும் இடத்தில் தார் டின் பார்த்திருப்பாய். சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோல் உடையும். சாய்த்து வைத்துவிட்டுப் போனால் சில நாளில் வழிந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927 முதல் தார் போன்ற கீலைப் புனலில் வைத்திருக்கிறார்கள். இதுவரை ஒன்பது சொட்டுதான் விழுந்திருக்கிறது. நில அதிர்ச்சி சுத்தியல் அடி, பனிப்பாரம் சாய்த்து வைத்த டின். பாறை முதலாவதற்குக் கெட்டி, இரண்டாவதற்குக் கீல்.

உன் குழம்பும் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். 2900-க்குக் கீழே உருகிய இரும்பு. அதன் நடுவில் மறுபடி கெட்டியான ஓர் உருண்டை. அதை 1936-இல் லேமன் என்ற டென்மார்க்குப் பெண்மணி கண்டுபிடித்தார். அந்த உருகிய இரும்பு சுழல்வதால்தான் விசைப்படகில் திசைகாட்டி முள் வடக்கைப் பார்க்கிறது. நம் பக்கம் முள் அநேகமாகக் கிடைமட்டமாகவே நிற்கும், காந்த நடுக்கோடு தென்கோடியை ஒட்டிப் போவதால். 1963-இல் ராக்கெட் விடத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுதான் காரணம்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. நம் கரையில் கடல் இறங்கியதோடு நிலமும் கொஞ்சம் எழுந்திருக்கிறது என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அதைச் சோதிக்க ஒரு வழி தோன்றுகிறது. கடல் மட்டும் இறங்கியிருந்தால், பாம்பன் பக்கத்திலும் இங்கேயும் அரியாங்குண்டிலும் பவளத்தின் தட்டை உச்சி ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நிலம் ஒருபக்கம் தூக்கியிருந்தால் உயரம் மாறும். மூன்று இடத்திலும் நல்ல வற்றம் உள்ள நாளில் அளந்தால் போதும்.

டேங்கைப் பத்தடி தள்ளி வேறு இடத்தில் கட்டச் சொல்லிவிட்டேன். குழியைப் பலகை போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஐப்பசியில் மழை பிடித்தால் மணல் சரிந்துவிடும். கொத்தனாருக்கு வேறு வேலை இருக்கிறது, ட்யூபின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். புரட்டாசி அமாவாசைக்கு முன்னால் வந்து சேர். பழைய செருப்பு ஒன்று கொண்டு வா, பாறை காலைக் கிழிக்கும்.

அன்புடன்,
செபஸ்தியான்