ஐம்பது சொல்லில் எத்தனை வேறு சொல்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் 17 வருடமாக ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம். ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. எல்லோருக்கும் ஒரே கட்டுரை, ஒரே மாதிரி மதிப்பெண். இது சரியில்லை, பிள்ளையின் சொல்வளத்தையும் பார்க்க வேண்டும்.

போன வருடம் ‘எங்கள் ஊர்’ கட்டுரையில், வீட்டில் கன்னடம் பேசும் ஒரு பெண் எட்டே வரி எழுதினாள். ராகிக் களம், சாமந்தித் தோட்டம், ஏரிக்கரை, இரவில் யானை விரட்டும் பட்டாசு எல்லாம் அதில் இருந்தன. தெலுங்குப் பையன் ஒருவன் ஒன்றரைப் பக்கம் எழுதினான். வரிக்கு வரி ‘நன்றாக இருக்கும்’. பக்கத்தைப் பார்த்து அவனுக்கு 8, அவளுக்கு 5 போட்டேன்.

அப்புறம் மனசு கேட்காமல் எண்ணிப் பார்த்தேன். இருவரும் எழுதிய முதல் 50 சொற்களில் அவளிடம் 41 வேறு வேறு சொற்கள், அவனிடம் 24. முழுக் கட்டுரையையும் எண்ணி ஒப்பிடக் கூடாது. எழுத எழுத அதே சொற்கள் திரும்ப வரும், நீளமாக எழுதியவர் குறைந்தவராகத் தெரிவார். எண்ணும்போது வீடு, வீட்டில், வீட்டுக்கு மூன்றும் ஒரே சொல்தான்.

அந்தப் பையனையும் மட்டம் தட்ட மாட்டேன். நான் கதை சொன்னால் ஒரு சொல் விடாமல் புரிந்துகொள்கிறான். காதுக்குத் தெரிந்த சொல் கைக்கு வர ஒருவருக்கு ஒரு மாதம், இன்னொருவருக்கு ஒரு வருடம். தமிழ்ப் பால் கன்னடத்தில் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு என்று ஒருமுறை காட்டிவிட்டால் கன்னடப் பிள்ளை தானாகவே பிடித்துக்கொள்கிறது. ஆனால் ‘மாடு’ என்றால் அதற்கு ‘செய்’ என்று பொருள், அங்கே தடுமாறும். ஒடியாப் பிள்ளைக்கு இந்தப் பிடிப்பு எதுவும் இல்லை. மூவருக்கும் வாரம் பத்துச் சொல் என்று ஒரே பட்டியலைக் கொடுத்து என்ன பயன்?

தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தானே கற்பிக்கிறோம்? சொல்வளத்துக்கும் அப்படி, பிள்ளைக்கு ஒரு சொல் நோட்டு வேண்டும். பருவத்துக்கு இருமுறை எண்ணி, அதே பிள்ளையின் பழைய கணக்கோடு மட்டும் ஒப்பிட வேண்டும். ரேங்க் போட வேண்டாம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சியில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கும்படி கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.