அட்டையில் இருக்கட்டும், அஞ்சலிப் பக்கத்தில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களாக உங்கள் இதழின் அட்டைத் தலைப்புகள் வளைவே இல்லாமல், மூலை மூலையாக வெட்டிய தடித்த எழுத்துருவில் வருகின்றன. காரைக்குடியில் டிடிபி வேலை செய்கிற எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. கடையில் மற்ற இதழ்களுக்கு நடுவே தொங்கினாலும் உங்கள் இதழ் தனியாகத் தெரிகிறது.

தமிழ் எழுத்தென்றால் வளைவுதான், இது ஒட்டாது என்று சிலர் சொல்வார்கள். எங்கள் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அங்கே ‘ஆதன்’ என்ற பெயரைப் பெரும்பாலும் நேர்க்கோடுகளாகத்தான் கீறியிருக்கிறார்கள். பிடிக்கிற கருவிக்கு ஏற்றபடிதான் எழுத்தும் அமையும். ஜெர்மனியின் எழுத்துரு வடிவமைப்பாளர் ருடால்ஃப் கோச் 1923இல் நொய்லாண்ட் எழுத்துருவை முன்கூட்டி வரைந்துகொள்ளாமல் நேரே உலோகத்தில் வெட்டினார். அதன் முரட்டு முனைகள் அப்படி வந்தவை. தட்டைப் பிரஷ்ஷால் சுவரெழுத்து எழுதிய நம் ஓவியர்களின் கையிலும் அந்த மிடுக்கு இருந்தது.

சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு ஒரு போஸ்டர் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ம, ட, ய எல்லாம் இயல்பிலேயே நிமிர்ந்து நிற்கும் எழுத்துகள். தடிமன் ஏற ஏறக் கம்பீரம் கூடும். ‘ஞ’தான் படுத்தும். அதன் உள்சுழியை மூலையாக உடைத்தால் கறுப்புக் கட்டியாகிவிடும். பெரிய அளவில் அதையும் சமாளித்துவிடலாம். சுழியின் உள்ளே கொஞ்சம் வெள்ளை விட்டு, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியும் கூட்டினால் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றே படிக்கலாம். மூன்று நான்கு சொற்களுக்கு இந்த எழுத்தை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் இப்போது இதையே உள்பக்கங்களிலும், அதுவும் சின்ன அளவில், அஞ்சலி அறிவிப்புகளுக்கும் போடத் தொடங்கியிருக்கிறீர்கள். அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெயருக்கு முன்னால் மெ., லெ., வெ., ராம. என்று முன்னெழுத்துகள் நீளமாக வரும்; அதைத்தான் நாங்கள் விலாசம் என்போம். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் ஒரு சிறு சுழிதானே வித்தியாசம்? இந்தத் தடிமனில், மை பரவும் சாதாத் தாளில், அந்தச் சுழி அடைபட்டு ‘மெ.’யும் ‘மே.’யும் ஒன்றாகிவிடுகின்றன. ண, ன கதியும் அதுதான். விலாசம் மாறினால் ஆளே வேறு வீட்டுக்காரர் ஆகிவிடுவார். ஆச்சிமார் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகத் தேடிப் படிக்கும் பக்கம் அது. துக்கச் செய்திக்கு இவ்வளவு உரத்த எழுத்தும் பொருந்தவில்லை.

அட்டையிலும் சிறப்பிதழ் விளம்பரங்களிலும் இந்த எழுத்து தொடரட்டும். இன்னும் பெரிதாகவே போடுங்கள். அஞ்சலிப் பக்கத்துக்கு மட்டும், அடுத்த இதழிலிருந்தே, நீங்கள் முன்பு பயன்படுத்திய மெல்லிய எழுத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
காரைக்குடி.